மோகனாவுக்கு மட்டும் ஏன் வலித்தது

மலைக்குப் புதிதாகப் போஸ்டிங் வாங்கிப் போகிற கால்நடை டாக்டர் பிள்ளைகள் அவ்வப்போது எனக்குப் போன் செய்கிறீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் யாரோ கேட்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். போன மாதம் உங்களில் ஒருத்தி, குதிரைக்குச் செரிமானம் நன்றாக இருக்க இயற்கையாக என்ன கொடுக்கலாம் என்று கேட்டாள். இஞ்சியா, ஓமமா, பெருங்காயமா, ஏதோ ஒன்றை நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். எனக்கோ கொல்லிமலை வாசலூர்பட்டி ஏரிக்கரையில் நின்ற ஒரு பெண் குதிரைதான் ஞாபகத்துக்கு வந்தது. அதைப் பற்றிச் சொல்கிறேன். எல்லாம் புரிந்துகொண்டு சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் பாதி எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கொல்லிமலைக்கு மாற்றல் வந்தபோது சர்வீஸ் முடியச் சில வருஷங்களே பாக்கி. அதுவரைக்கும் மாடு, ஆடு, கோழி என்றே காலம் போயிருந்தது. குதிரையைக் கல்லூரியில் பரீட்சைக்குப் படித்ததோடு சரி. மலையிலும் குதிரை கிடையாது. பெரியசாமியும் சரசுவும் வந்த பிறகுதான் வந்தது.

அவர்கள் ராசிபுரம் பக்கம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கல்யாண ஊர்வலத்துக்கு மாப்பிள்ளைக் குதிரை ஓட்டிப் பிழைத்தவர்கள். மாப்பிள்ளைகள் காரில் போக ஆரம்பித்ததும், இரண்டு குதிரைகளையும் மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்து, வாசலூர்பட்டி ஏரியின் படகுத்துறைக்கு வருகிற டூரிஸ்ட்டுகளை ஏற்றிச் சுற்ற ஆரம்பித்தார்கள். வெள்ளைப் பெண் குதிரையின் பெயர் மோகனா. பழுப்பு நிறத்தில் காயடித்த ஆண் குதிரை பாபு. மோகனா கட்டின இடத்தில் கட்டினபடி நிற்கும், குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் காதை மட்டும் ஆட்டும். பாபு அப்படி இல்லை. பல்லாலேயே முடிச்சை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிடுவான். பெரியசாமி அவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார்.

அவர்கள் வந்து சில வாரம் கழித்து மோகனாவுக்கு முதல் முறை வயிற்று வலி வந்தது. நாம் கோலிக் என்கிறோமே, அதேதான். முன்னங்காலால் மண்ணைப் பறித்தது. திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. வலிக்கு ஊசி போட்டு நடக்க வைத்தேன். சாயங்காலத்துக்குள் லத்தி போட்டுத் தெளிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கொடுத்த அன்னாசிப்பழமும் பிஸ்கட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது நியாயமான யூகம். சரசு அன்றிலிருந்து குதிரை வாயருகே யார் கையும் போகாமல் காவல் நின்றாள்.

அடுத்த வாரம் மறுபடியும் வந்தது.

குடற்புழுவாக இருக்கலாம் என்று மருந்து கொடுத்தேன். பல்லைப் பார்த்தேன், பெரிதாகக் குறை இல்லை. மலைக் குளிரில் தண்ணீர் சரியாகக் குடிப்பதில்லை என்று சரசு சொன்னதால் வெதுவெதுப்பாகக் கொடுக்கச் சொன்னேன். கல்லுப்பு வைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றும் செய்து இரண்டு வாரம் நிம்மதியாக இருப்போம், மறுபடி போன் வரும்.

என்னைக் குழப்பியது மூன்று விஷயங்கள். முதலாவது, வலி வருவது உழைத்த நாளில் இல்லை. சனி ஞாயிறு முழுக்க ஆளைச் சுமந்துவிட்டு, செவ்வாய், புதன் என்று சும்மா நிற்கிற நாளில்தான் வரும். இரண்டாவது, ராசிபுரத்தில் இருந்த வரைக்கும் இதே கொள்ளும் கோதுமைத் தவிடும்தான் தின்றது, ஒரு நாள் கூட வலித்ததில்லை என்று பெரியசாமி சத்தியம் செய்தார். மூன்றாவது, பாபு. அதே கொட்டகை, அதே கொள்ளு, அதே தண்ணீர். அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டீக்கடைக்காரர். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சரசுவே ஒரு கறுப்புக் கயிறு கட்டினாள். மோகனாவைக் கீழே கொண்டுபோய் விற்றுவிடலாமா என்று பெரியசாமி ஒரு நாள் மெதுவாகக் கேட்டார். அன்றைக்கு முழுதும் சரசு அவரோடு பேசவில்லை.

அப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

நான் மலையிலேயே வளப்பூர் நாடு என்கிற பகுதியில் ஒரு மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் சரசுவின் குரல் வழக்கமான குரலாக இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. கொட்டகைக்கு முன்னால் மோகனா வேர்த்து நனைந்து நின்றது. பெரியசாமி ஒரு பாட்டிலில் நல்லெண்ணெயும் பெருங்காயமும் கலந்து வைத்துக்கொண்டு, அதன் வாயைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலை வாங்கி ஓரமாக வைத்தேன். ஊற்றுகிற எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனால் வயிற்று வலியோடு நுரையீரலும் சேர்ந்து கெட்டுப்போகும். குதிரைக்கு வாந்தியும் வராது. உள்ளே போனது போனதுதான். பிள்ளைகளே, பதறிக்கொண்டிருக்கிற ஆளின் கையிலிருந்து பாட்டிலை வாங்குவதுதான் பல சமயம் நாம் செய்கிற முதல் வைத்தியம். திட்டாமல் வாங்க வேண்டும். அவர் அதை அன்பினால்தான் பிடித்திருக்கிறார்.

தாடைக்கு அடியில் நாடி பார்த்தேன். வேகமாக ஓடியது, எனக்குப் பிடிக்காத வேகம். ஸ்டெதஸ்கோப்பை வலது பக்க வயிற்றில் வைத்தால் சத்தமே இல்லை. இவ்வளவும் ஆபத்து என்றது. ஆனால் ஈறு நல்ல ரோஜா நிறத்தில் இருந்தது, விரலால் அழுத்தி எடுத்தால் உடனே ரத்தம் திரும்பியது. அது பயப்படாதே என்றது. ஒரே உடம்பு இரண்டு விதமாகப் பேசினால் எதை நம்புவது? புத்தகத்தில் எல்லா அறிகுறியும் ஒரே பக்கம் நிற்கும். நேரில் அப்படி நிற்பதில்லை.

வலி ஊசி போட்டேன். கொஞ்ச நேரத்தில் மோகனா அமைதியானது. கூடியிருந்தவர்கள் ஆறுதலாக மூச்சு விட்டார்கள். எனக்கோ பயம் கூடியது. மருந்தால் வந்த அமைதியா, அல்லது உள்ளே குடலே கிழிந்து அதனால் வந்த அமைதியா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப் போய், என் சீனியர் ஒருவருக்குப் போன் செய்தேன். பல வருஷம் பந்தயக் குதிரைகளைப் பார்த்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மருந்தின் நேரம் முடிவதற்குள் வலி திரும்பினால் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடு, திரும்பாவிட்டால் அங்கேயே வைத்துக்கொள் என்றார். எழுபது கொண்டை ஊசி வளைவில் வலியோடு இருக்கிற குதிரையை லாரியில் கொண்டுபோனால் விழுந்து புரண்டு குடல் முறுக்கிக்கொள்ளாதா என்று கேட்டேன். முறுக்கிக்கொள்ளலாம், மேலேயே வைத்திருந்தாலும் முறுக்கிக்கொள்ளலாம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

நான் மேட்டிலிருந்து இறங்கும்போதே மோகனா மறுபடி மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது.

பலாப்பழம் ஏற்ற வந்த மினி லாரி ஒன்று படகுத்துறை அருகே நின்றது. டிரைவர் மறுபேச்சு இல்லாமல் பின் கதவைத் திறந்துவிட்டார். பெரியசாமி வேண்டாம் என்றார். வழியில் செத்துப்போனால் ரோட்டோரத்தில் எங்கே புதைப்பது என்று கேட்டார். சரசு கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பொழைக்குங்களா டாக்டரம்மா?"

"இங்க வச்சிருந்தா பொழைக்கும்னு என்னால சொல்ல முடியலைங்க. கீழ போனா வயித்தைத் திறந்து பார்க்கிற வசதியாவது இருக்கு."

"அப்ப ஏத்துங்க" என்றாள்.

பாபுவைப் பார்த்துக்கொள்ளப் பெரியசாமி மேலேயே நின்றார். நானும் சரசுவும் லாரியின் பின்னால் மோகனாவோடு நின்றோம். ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயும், மோகனா நான்கு காலையும் அகட்டி ஊன்றும், நாங்கள் அதன் மேல் சாய்ந்து பிடித்துக்கொள்வோம். சரசு அதன் காதருகே வாயை வைத்து, "நில்லு சாமி, நில்லு கண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ஈறையும் நாடியையும் பார்த்தபடி வந்தேன். நான் செய்தது சரியா என்கிற கேள்வி நடுவில் எழுந்தது. அதை அடிவாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன்.

பாதிக்கு மேல் வளைவுகள் தாண்டியிருப்போம். மோகனா முதுகை வளைத்து வாலைத் தூக்கியது. நான் கேபினைத் தட்டி லாரியை நிறுத்தினேன். நீளமாகக் காற்றுப் பிரிந்தது, அப்புறம் லத்தி விழுந்தது, கொஞ்சம் இல்லை, நிறையவே. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் வலது பக்கம் ஓடைத்தண்ணீர் மாதிரி சத்தம். மோகனா கழுத்தை நீட்டி, ரோட்டோரச் சுவர் மேலிருந்த புல்லைப் பறிக்கப் பார்த்தது. டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, திருப்பிவிடலாமா என்று கேட்டார். சரசுவுக்கும் திரும்பிப் போகத்தான் ஆசை. அந்தக் குறுகின ரோட்டில் மேலே போய் மறுபடி வலி வந்தால் இன்னொரு முறை இறக்க முடியாது என்று சொல்லி நான் கீழே போகச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் இறங்கியபோது மோகனா நடந்தே உள்ளே போனது. எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். ஒன்றும் இல்லை. அங்கிருந்த டாக்டர், என்னைவிட வயதில் சின்னவர், சில குதிரைகளுக்கு லாரி குலுக்கலிலேயே சரியாகிவிடும் மேடம் என்று மரியாதையாகவே சொன்னார். ஊசியால் சரியானதா, குலுக்கலால் சரியானதா, அல்லது மேலேயே விட்டிருந்தாலும் அந்த நேரத்துக்குச் சரியாகியிருக்குமா? எனக்கு இன்று வரை தெரியாது. இப்படியும் நடக்கும் என்பதற்காகத்தான் இதை உங்களுக்குச் சொல்கிறேன். முடிவு நல்லபடியாக வந்தால் நாம் எடுத்த முடிவுதான் காரணம் என்று நினைத்துக்கொள்ளத் தோன்றும். கெட்டுப்போனாலும் அப்படியே தோன்றும்.

மோகனா மலைக்குத் திரும்பியது. சரசு படகுத்துறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். அடுத்த வாரம், சும்மா நின்ற ஒரு நாளில், லேசாக மறுபடி விலாவைத் திரும்பிப் பார்த்தது.

அன்றைக்கு நான் மலையில் என் கால்நடை ஆஸ்பத்திரி நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் சடையப்பன் வந்தார். ஏரிக்கு மேலே சரிவில் சாமையும் மிளகும் போடுகிற விவசாயி. ஏற்கனவே இரண்டு தடவை வந்து புகார் சொல்லிவிட்டுப் போனவர். பாபு முடிச்சை அவிழ்த்துக்கொண்டு அவர் நிலத்துக்குப் போய்விடுகிறான், நான் கவர்ன்மெண்ட் ஆள், நான்தான் கண்டித்து வைக்க வேண்டும் என்பது புகார். பெரியசாமியிடம் சொல்லியிருந்தேன், அவரும் கயிற்றை மாற்றிப் பார்த்திருந்தார்.

"மறுக்காவும் வந்துட்டானுங்க" என்றார் சடையப்பன், உட்காராமலே.

பயிரைத் தின்கிறானா என்று கேட்டேன்.

"பயிரு எங்கீங்க இருக்குது, அறுத்தாச்சுங்களே. வரப்புப் புல்லு, சாமைத் தாளு, அதைத்தான் மேயறானுங்க. பொழுது சாய்ஞ்சா வாரான், விடியற வரைக்கும் வாய் ஓயறதில்லீங்க. விடிஞ்சா கொள்ளுத் திங்க அவனே எறங்கிப் போயிடறான். வரப்பெல்லாம் மிதிச்சே சரிச்சுப் போட்டானுங்க."

பாபு ராத்திரி முழுக்கத் தின்கிறான். மோகனா ராத்திரி முழுக்கக் கட்டின இடத்திலேயே நிற்கிறது. அதன் முன்னால் என்ன இருக்கிறது?

நேரே ஏரிக்கரைக்குப் போய் அதைத்தான் கேட்டேன். சாயங்காலம் ஒரு கை காய்ந்த சோளத்தட்டு, காலையில் ஒரு பெரிய வாளி கொள்ளும் தவிடும் என்றார் பெரியசாமி. சும்மா நிற்கிற நாளில் தெம்பு ஏறட்டும் என்று இன்னும் ஒரு பங்கு கூடப் போடுவாராம். சோளத்தட்டு ஊர் அடங்குவதற்குள் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் வாளி வரும் வரைக்கும் வெறும் வயிறு. ராசிபுரத்தில் ராத்திரி எங்கே கட்டுவீர்கள் என்று கேட்டேன்.

"அங்க கட்டறதே இல்லீங்க. வறண்ட ஏரிக்குள்ள அவுத்து உட்ருவோம். அதுங்க பாட்டுக்குத் திரியும்."

"என்ன தின்னும்?"

"தீனி நாமதானுங்க போடுவோம். அங்க புல்லுதான் கெடக்கும்" என்றார்.

குதிரைக்கு இரைப்பை சின்னது. அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நாரைத் தின்றுகொண்டு, நடந்துகொண்டே இருக்கப் பிறந்த உடம்பு. மணிக்கணக்காகக் காலியாகப் போட்டு, அப்புறம் வாளி நிறையத் தானியத்தைக் கொட்டினால் குடல் திணறும். உழைக்கிற நாளில் நடையாவது இருக்கிறது. சும்மா நிற்கிற நாளில் அதுவும் இல்லை, தானியமோ கூடுதல். பாபுவுக்கு அதே வாளிதான், ஆனால் அதற்கு முன் ராத்திரி முழுக்கப் புல்லும் நடையும். சொன்ன பேச்சைக் கேட்டுக் கட்டின இடத்தில் நின்ற மோகனாதான் வலியில் புரண்டது.

இதெல்லாம் நான் படித்ததுதான். நீங்களும் படித்ததுதான். ஆனால் தீனி என்ன என்று கேட்டால் வளர்க்கிறவர் வாளியில் போடுவதைத்தான் சொல்வார். தானாகத் தின்றது அவர் கணக்கில் வராது. அதனால் என்ன போடுகிறீர்கள் என்று கேட்பதோடு விடாதீர்கள். காலையிலிருந்து மறுநாள் காலை வரை அது எங்கே நிற்கிறது, வாயில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

பெரியசாமியை ஒப்புக்கொள்ள வைப்பது லாரியில் குதிரை ஏற்றியதைவிடக் கஷ்டமாக இருந்தது. புல் மாட்டுக்கு, கொள்ளு குதிரைக்கு என்பது அவர் கட்சி. கொள்ளைக் குறைத்தால் எலும்பு தெரியும், எலும்பு தெரிகிற குதிரை மேல் எவன் பிள்ளையை ஏற்றுவான் என்றார். சரசு மோகனாவின் கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றை நகர்த்தி அடியில் சொறிந்துவிட்டபடியே சொன்னாள்: "லாரியில நீங்க வரலைங்க. நான் வந்தேன். டாக்டரம்மா சொல்றதைச் செஞ்சு பார்க்கலாம்."

அவர் அதற்கப்புறம் வாதாடவில்லை.

மேய்ச்சலுக்கு இடம் வேண்டும். ஏரிக்கரையில் மேய விடமாட்டார்கள். சடையப்பனிடம் மிளகுக் கொடிகளுக்கு மேலே கல்வரப்பு கட்டின ஒரு தரிசு இருந்தது. புகார் சொல்ல வந்த மனுஷனிடம் போய், ஒரு குதிரைக்குப் பதில் இரண்டு குதிரையாக விட்டுக்கொள்கிறீர்களா என்று நானே கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். குதிரை என்றால் தனக்குப் பயம் என்று பிறகுதான் சொன்னார், உதைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறாராம். சரசு மோகனாவைக் கூட்டிப் போய் அவர் முன்னால் நிறுத்தினாள். அது அவர் துண்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. லத்தி முழுக்க மிளகுக்கு உரம் என்று பேசி முடித்தார்கள். சரிந்த வரப்பைப் பெரியசாமியே கட்டிக் கொடுத்தார்.

எதையும் ஒரே நாளில் மாற்றவில்லை. கொள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அதையும் ஊறவைத்து மூன்று வேளையாகப் பிரித்தோம். தரிசில் முதலில் சிறிது நேரம், அப்புறம் அரை நாள், அப்புறம் ராத்திரியும். மழை நாளில் கொட்டகையில் நின்றால் முன்னால் எப்போதும் காய்ந்த புல்லோ தட்டோ இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரும் கல்லுப்பும் தொடர்ந்தது. ஓய்வு நாளிலும் ஒரு நடை. மழைக்காலம் போனது, பனிக்காலம் வந்து போனது. நடுவில் ஒரு தடவை மட்டும் மோகனா தன் விலாவைத் திரும்பிப் பார்த்தது. நான் போவதற்குள் மேய ஆரம்பித்திருந்தது. பாபு நடுவிலேயே ஒரு தடவை தரிசை விட்டு வேறு யார் நிலத்துக்கோ போனான், ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை.

பாதி எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான் என்று முதலில் சொன்னது இதைத்தான். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட்டேன். நாரா, நடையா, கொள்ளைப் பிரித்ததா, தண்ணீரா, கூட்டத்தின் கையைத் தடுத்ததா? ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு மோகனா. அதன் வயிற்றில் அந்தப் பரீட்சையை எழுதிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. உங்களுக்கு வருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் அவர்களிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். தரிசில் இரண்டு குதிரைகளும் முதுகைக் காட்டிக்கொண்டு மேய்ந்தன. பெரியசாமி கல்வரப்பின் மேல் உட்கார்ந்திருந்தார். வேலை ரொம்பக் கூடிவிட்டது என்றார். புல் அறுப்பது, தண்ணீர் காய்ச்சுவது, கொள்ளு ஊறவைப்பது, ராத்திரி வந்து எட்டிப் பார்ப்பது. கொஞ்சம் தயங்கிவிட்டு, "இதுல எதுனால நல்லாச்சுன்னு சொன்னீங்கன்னா, அதை மட்டும் புடிச்சுக்கிட்டு மத்ததை உட்ரலாமுங்க" என்றார்.

"தெரியலைங்க பெரியசாமி" என்றேன்.

அவர் நான் மேலே ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். இத்தனை வருஷ சர்வீஸில் மாடோ ஆடோ வளர்க்கிற ஒருவரிடம் இந்த ஒரு வார்த்தையோடு நான் நிறுத்தினதாக ஞாபகம் இல்லை. அவர் முகத்தில் ஏமாற்றம் வரும் என்று நினைத்தேன். அவரும் என்னைப் போலவே குழம்பிப்போய்க் குதிரைகளைத்தான் பார்த்தார்.

சரசு சரிவில் ஏறி வந்தாள். நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும்.

"டாக்டரம்மாவுக்கே தெரியலைங்கறாங்க, நாம எங்க போயி கண்டுபுடிக்கறது" என்றாள் அவரிடம். "எந்திரிங்க. மழை எறங்கறதுக்குள்ள புல்லு அறுத்துப் போடோணும்."

பெரியசாமி எழுந்து, வரப்பில் சொருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு அவள் பின்னால் போனார்.